அளவுகோல் டெசிபலா, மதமா?

திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது என்னும் விதி, ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்படுத்துதல்) விதிகள் என்ற பெயரில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட இவ்விதிகளில் மதம் பற்றிய பாகுபாடு ஏதுமில்லை. எந்த ஒலிபெருக்கிக்கும் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. அமைதி மண்டலத்தில் 50, 40. இருபதாண்டுக் காலத்துக்கும் மேலாகப் பெரும்பாலான காவல் நிலையங்களில் தூசு படிந்து கிடந்த இவ்விதிகள், 2022 ஏப்ரலில் திடீரென்று அரசியல் மேடைகளின் முழக்கமாயின. அவற்றை நினைவுக்குக் கொண்டுவந்தவர்கள் காது மருத்துவர்களும் அல்லர், தூக்கம் கெட்ட தொழிலாளிகளும் அல்லர்.

அவ்வாண்டு ஏப்ரல் 2ஆம் நாள், குடி பாடுவா அன்று, மும்பை சிவாஜி பூங்காவில் பேசிய மகாராஷ்டிர நவநிர்மாண் சேனாவின் தலைவர் ராஜ் தாக்கரே, மசூதிகளின் ஒலிபெருக்கிகள் இறக்கப்பட வேண்டும், இல்லையேல் அம்மசூதிகளின் முன்னே இருமடங்கு ஒலியில் அனுமன் சாலிசா ஒலிக்கும் என்று எச்சரித்தார். பின்னர் மே 3ஆம் நாளைக் கெடுவாகவும் விதித்தார். ஒருவர் விதியை மீறுகிறார் என்று குற்றம் சாட்டி, அதற்குப் பரிகாரமாக அதே விதியை இருமடங்கு மீறப்போவதாக அறிவிக்கும் இந்தத் தர்க்கத்தில் இரைச்சலைப் பற்றிய கவலை எங்கே இருக்கிறது? இரைச்சலால் அவதியுற்றவன் கேட்பது அமைதி. இருமடங்கு இரைச்சலைக் கேட்பவனின் குறி வேறு.

ஐந்து வேளைத் தொழுகை அழைப்புகளில் விதிகள் குறிப்பிடும் இரவு நேரத்தில் விழுவது விடியற்காலை அழைப்பு ஒன்றே. ஏனைய நான்கும் அனுமதி, ஒலியளவு ஆகிய இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட்டவை. எந்தக் கோவிலின், எந்தத் தேவாலயத்தின் ஒலிபெருக்கிக்கும் பொருந்தும் நிபந்தனைகள் அவை. ஆனால் சேனாவின் கோரிக்கை விடியற்காலை அழைப்போடு நிற்கவில்லை. குழல்கள் முழுவதுமாக இறங்க வேண்டும் என்றது. விதியைச் சொல்லி, விதி சொல்லாததைக் கேட்பது இவ்வரசியலின் வாடிக்கை.

மே 4ஆம் நாள் நிகழ்ந்தது கவனத்திற்குரியது. மும்பையின் பல மசூதிகள் ஒலிபெருக்கியின்றியே விடியற்காலை அழைப்பை நிறைவேற்றின. அதே நாட்களில் சீரடி சாயிபாபா கோவிலின் விடியற்கால காகட ஆரத்தியும் ஒலிபெருக்கியை இழந்தது. விதி எல்லார்க்கும் பொது என்றால் அதுவே இயல்பான விளைவு. மசூதியை நோக்கி எறிந்த கல் கோவில் வாசலிலும் விழுந்தபோது, எறிந்தவர்களிடம் விளக்கம் ஏதும் இருக்கவில்லை.

இனி அதே ஏப்ரல் மாதத்தின் மற்ற நிகழ்வுகளைப் பார்க்கலாம். ராஜஸ்தானின் கரௌலியில் ஏப்ரல் 2, மத்தியப் பிரதேசத்தின் கர்கோனில் ஏப்ரல் 10, தில்லி ஜஹாங்கீர்புரியில் ஏப்ரல் 16. மூன்றிடத்திலும் திருநாள் ஊர்வலங்கள், முஸ்லிம் மக்கள் வாழும் பகுதிகளின் ஊடாகச் செல்லும் பாதைகள், ஒலிபெருக்கிகளில் முழக்கங்கள், முடிவில் கல்வீச்சும் தீவைப்பும். கர்கோனில் மறுநாளே புல்டோசர்கள் வந்தன. ஜஹாங்கீர்புரியில் ஏப்ரல் 20ஆம் நாள் வந்த புல்டோசரின் முன்னே, உச்ச நீதிமன்றத்தின் தடையாணையைக் கையிலேந்தி நின்றவர் தோழர் பிருந்தா காரத். ஊர்வல வண்டிகளில் ஏற்றப்பட்டிருந்த ஒலிப்பெட்டிகளின் டெசிபல் எவ்வளவு என்று எந்த மாநகராட்சி அளந்தது? இடிக்கப்பட்டவை வீடுகளும் கடைகளும். ஒலிப்பெட்டிகள் அடுத்த ஊர்வலத்திற்குச் சென்றுவிட்டன.

அதே மாத இறுதியில் உத்தரப் பிரதேச அரசு வழிபாட்டிடங்களிலிருந்து 50,000க்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகளை அகற்றியதாகப் பெருமையுடன் அறிவித்தது. எல்லா மதத்தாரிடமிருந்தும் அகற்றினோம் என்பது அதன் வாதம். அதே அரசின் அதிகாரிகள்தாம் ஆண்டுதோறும் காவடி யாத்திரையின்மீது ஹெலிகாப்டரிலிருந்து மலர் தூவுகிறார்கள். அவ்யாத்திரையின் டிஜே வண்டிகளோ மேற்கு உத்தரப் பிரதேசத்தின் நெடுஞ்சாலைகளை இரவு முழுவதும் அதிர வைக்கின்றன. மத்தியப் பிரதேசத்தில் மோகன் யாதவ் 2023 டிசம்பர் 13ஆம் நாள் முதலமைச்சராகப் பதவியேற்ற அன்றே பிறப்பித்த உத்தரவுகளில் ஒன்று வழிபாட்டிட ஒலிபெருக்கிகளைப் பற்றியது. மற்றொன்று திறந்த வெளி இறைச்சி விற்பனையைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் அறிவித்த அரசின் நோக்கத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குழல் இறங்குகிறது, ஒலிச்சுவர் நடக்கிறது

இத்தகைய நடவடிக்கைகளின் உள்ளமைப்பை உற்று நோக்குவது பயனுடையது. 'வழிபாட்டிட ஒலிபெருக்கி' என்று ஓர் அரசு வகைப்படுத்தும்போது அதன் வலையில் விழுவது கட்டடத்தின்மீது நிலையாகப் பொருத்தப்பட்ட குழல். மினார்களில் இருப்பது அதுவே. ஆனால் இந்திய நகரங்களின் உச்சபட்ச மத இரைச்சல் கட்டடங்களிலிருந்து எழுவதில்லை. அது வாடகைக்கு எடுத்த லாரியில் ஆளுயரத்துக்கும் மேலாக அடுக்கிய ஒலிச்சுவரிலிருந்து எழுகிறது. மேற்கு மகாராஷ்டிரத்தில் மக்கள் அதனை 'டால்பி' என்றே அழைக்கிறார்கள். அது எந்த வழிபாட்டிடத்துக்கும் உரியதன்று. இன்று இந்தத் தெரு, நாளை அந்தத் தெரு. கணக்கெடுக்கும்போது அது கணக்கில் வராது. மும்பையின் ஆவாஸ் அறக்கட்டளை விநாயகர் விழாக்களில் ஆண்டுதோறும் எடுத்த அளவீடுகள் பெரும்பாலும் 100 டெசிபலைத் தாண்டியே நின்றன. 2013இல் 123 டெசிபலைத் தொட்டது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும் என்பதை நினைவில் கொண்டால், 55க்கும் 123க்கும் இடையிலுள்ள தூரம் விளங்கும்.

விதிகளிலேயே ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டுள்ளது. பண்பாட்டு, மதத் திருநாட்களுக்காக ஆண்டுக்கு மொத்தம் 15 நாட்கள் வரை நள்ளிரவு 12 மணி மட்டும் ஒலிபெருக்கிக்குத் தளர்வு அளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. 2002இல் சேர்க்கப்பட்ட இந்தத் தளர்வை உச்ச நீதிமன்றம் 2005 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. இந்தப் பதினைந்து நாட்களை எந்தத் திருநாட்களுக்கு வழங்குவது என்பது அரசின் விருப்பம். மகாராஷ்டிரத்தில் விநாயகர் விழா நாட்கள் இப்பட்டியலில் தவறாமல் இடம்பெறுகின்றன. தில்லியில் 2025ஆம் ஆண்டு ராம்லீலாவுக்கும் துர்க்கை பூசைக்குமாக செப்டம்பர் 22 முதல் அக்டோபர் 3 வரை நள்ளிரவு வரை அனுமதி கிட்டியது. விழா கொண்டாடும் உழைப்பாளி மக்களின் மகிழ்ச்சியைக் குறைகூறுவது நோக்கமன்று. ஒரு சமூகத்தின் ஐந்து நிமிட அழைப்பைச் சட்டப் பிரச்சினையாகவும், இன்னொரு சமூகத்தின் நான்கு மணி நேர ஊர்வலத்தைப் பண்பாடாகவும் ஓர் அரசு பார்க்கும்போது, அது சட்டத்தை நடைமுறைப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

குஜராத் உயர்நீதிமன்றம் இதை 2023 நவம்பரில் எளிமையாகப் புரிந்துகொண்டது. மசூதி ஒலிபெருக்கிகளுக்குத் தடை கோரிய பொதுநல மனுவை விசாரித்த தலைமை நீதிபதி சுனிதா அகர்வால் தலைமையிலான அமர்வு, சில நிமிடங்களே நீடிக்கும் அழைப்பு எவ்வாறு ஒலி மாசாகும் என்று வினவியது. கோவில்களின் விடியற்கால ஆரத்தி மணியும் சேகண்டியும் எவருக்கும் கேட்பதில்லையா என்றும் கேட்டது. மனு தள்ளுபடியாயிற்று.

தமிழில் ஒலி, ஓசை, இரைச்சல், ஆரவாரம் ஆகியவை தனித்தனிச் சொற்கள். அரசின் மொழிபெயர்ப்பாளர்கள் 'ஒலி மாசு' என்று எழுதி இவ்வேறுபாட்டை அழித்துவிட்டார்கள். 'இரைச்சல் மாசு' என்பதே பொருத்தமானது. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. எந்த ஒலி இரைச்சல் என்று பெயர் சூட்டும் உரிமை யாருடையது என்பதே இங்குள்ள அரசியல். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தலித் மணமகனின் ஊர்வலத்தில் டிஜே ஒலித்தது என்பதற்காக ஆதிக்கச் சாதியினர் தாக்குதல் நடத்திய செய்திகள் திருமணப் பருவந்தோறும் வருகின்றன. அங்கே எவரும் டெசிபல் மானியைக் கொண்டுவருவதில்லை. தங்கள் தெருவில் தலித்தின் மகிழ்ச்சி கேட்டதே அவர்களுக்கு இரைச்சல்.

ஒலிபெருக்கி பிறக்கும் முன்பே

ஒலிபெருக்கியே இந்தச் சிக்கலின் வேர் என்று நம்புவோர் அது இல்லாத காலத்தைப் பார்க்க வேண்டும். சேலத்தில் 1882இல் நடந்த கலவரத்தின் மூலம், ஊர்வலப் பாதையில் அமைந்த மசூதியும் அதன் முன் வாசித்த மேளமும். அவ்வழக்கு மறு ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. நாகபுரியில் 1923இல் மசூதி முன்பு இசையுடன் செல்லும் ஊர்வலத்துக்கு நிர்வாகம் தடை விதித்தபோது, அதை மீறும் கிளர்ச்சியில் முன்னின்றவர்களுள் மூஞ்சேயும் ஹெட்கேவாரும் இருந்தனர். இரண்டாண்டு கழித்து ஹெட்கேவார் அதே நகரில் ஆர்எஸ்எஸ் அமைப்பைத் தோற்றுவித்தார். 1926 ஏப்ரலில் கல்கத்தாவில் ஆரிய சமாஜ ஊர்வலத்தின் மேளம் மசூதி முன் ஒலித்ததில் தொடங்கிய கலவரம் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அப்போது மின்சாரக் குழல் ஏதும் இல்லை. தோற்கருவிகளே போதுமானவையாக இருந்தன. மசூதியின் முன் ஒலி எழுப்பும் உரிமைக்காக அன்று சட்டத்தை மீறிய அதே அரசியல், இன்று மசூதியின் ஒலியை அடக்கச் சட்டத்தைக் கையில் எடுக்கிறது. அன்றும் இன்றும் மாறாதது, தெரு யாருடையது என்ற கேள்விக்கு அது தரும் விடை.

இவ்விடத்தில் மதச்சார்பற்ற நல்லெண்ணத்தோர் சிலர் ஓர் எளிய தீர்வை முன்வைக்கிறார்கள்: எல்லா மத ஒலிபெருக்கிகளையும் தடை செய்துவிட்டால் போயிற்று. நீதிமன்றத் தீர்ப்புகள் இதற்குத் துணையாகக் காட்டப்படுகின்றன. தீர்ப்புகள் உண்மையில் தெளிவானவையே. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியின் தேவாலயம் ஒன்றின் வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபட எந்த மதமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்ட் 30ஆம் நாள் தீர்ப்பளித்தது. தொழுகை அழைப்பு மதத்தின் இன்றியமையாக் கூறு, ஒலிபெருக்கி அவ்வாறன்று என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் 2020இல் கூறிற்று. பம்பாய் உயர்நீதிமன்றம் 2016இலும் 2025 ஜனவரியிலும் எந்த மதத்துக்கும் ஒலிபெருக்கி இன்றியமையாததன்று என்று உரைத்தது. ஒலிபெருக்கி வந்த காலத்தில் அதை வழிபாட்டில் பயன்படுத்தலாகுமா என்று இஸ்லாமிய அறிஞர்களே வாதிட்டுக்கொண்டனர் என்பதும் வரலாறு. கொள்கை அளவில் இவற்றை மறுக்க இடதுசாரிகளுக்குத் தேவை ஏதும் இல்லை.

ஆனால் தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. அதை நிறைவேற்றுவது காவல் நிலையம். மாதவரம் வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். இரைச்சலுக்குக் காரணம் நெடுஞ்சாலை வாகனங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வைச் சுட்டி வாதாடியது அந்தத் தேவாலயம். வழக்கில் தோற்றது தேவாலயம். வாகனங்கள் இன்றும் ஓடுகின்றன. எந்த இரைச்சலின்மீது வழக்கு வரும், எதன்மீது வராது என்பதைத் தீர்மானிப்பது டெசிபல் மானி அன்று, அக்கம்பக்கத்தின் பலமும் பலவீனமும். முழுத் தடை என்பது அப்பலத்தின் கையில் கொடுக்கப்படும் இன்னொரு தடி.

பம்பாய் உயர்நீதிமன்றத்தின் 2025 தீர்ப்புக்குப் பிறகு நடந்ததும் இதுவே. புகார் அளிப்பவரின் அடையாளம் வெளிப்படக் கூடாது, ஒலியளவை ஒரு வரம்புக்குமேல் போகவிடாத அமைப்பு கருவியிலேயே வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது, நல்ல ஆலோசனைகள். பாஜக தலைவர்களில் ஒருவர் மசூதி மசூதியாகப் பட்டியலிட்டுக் காவல்துறையை நெருக்கினார். ஜூன் மாதத்திற்குள் மும்பை வழிபாட்டிடங்களின் ஒலிபெருக்கிகள் ஏறத்தாழ முழுவதும் இறக்கப்பட்டன. தங்களை மட்டும் குறிவைக்கிறார்கள் என்று சில மசூதி அறக்கட்டளைகள் அதே நீதிமன்றத்தின் கதவைத் தட்டின. மாஹிம் ஜும்மா மசூதி வேறு வழி கண்டது: திருநெல்வேலியைச் சேர்ந்த தொழில்நுட்பக் குழு ஒன்று உருவாக்கிய செயலியின் வழியே தொழுகை அழைப்பு இப்போது கைபேசிகளில் ஒலிக்கிறது. சட்டத்துக்கு இதைவிடப் பணிந்த விடை இருக்க முடியாது. அதே ஜூலையில் மாநில அரசு விநாயகர் விழாவை மாநிலத் திருவிழாவாக அறிவித்தது.

உறக்கம் யாருடைய கோரிக்கை

இவ்வளவும் சொன்ன பிறகு, கட்சி அணிகளுக்குள் நிலவும் ஒரு மனப்போக்கையும் பேசாமல் விட முடியாது. ஒலிபெருக்கி என்றாலே, அது மதப் பிரச்சினை, தொட வேண்டாம் என்று ஒதுங்கும் தோழர்கள் உண்டு. அது அடுக்ககங்களில் வாழும் நடுத்தர வர்க்கத்தின் முணுமுணுப்பு என்று கைவிரிக்கும் தோழர்களும் உண்டு. இரண்டும் தவறான கணிப்பு. இரைச்சலிலிருந்து பணம் கொடுத்துத் தப்ப முடியும். இரட்டைக் கண்ணாடிச் சன்னலும் குளிர்சாதன அறையும் உள்ளவன் தப்புகிறான். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஆறுபேர் படுக்கும் குடும்பம் தப்ப முடியாது. அங்கே தலைமுறைகளாக வாழும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு இதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

விதிகளின் அட்டவணையே வர்க்கத் தன்மை கொண்டது. கலப்புப் பகுதிகளை நான்கு வகைகளுள் எதில் சேர்ப்பது என்பதை அதிகாரியே முடிவு செய்யலாம். ஆலையை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பைத் தொழிற்பகுதி என்று எழுதிவிட்டால், அங்கு உறங்கும் குழந்தைக்கு இரவில் 70 டெசிபல் சட்டபூர்வமாகிவிடும். இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் தொழிலாளியை விதிகள் அறியவே இல்லை. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிய 100 மீட்டர் அமைதி மண்டலம் என்ற பாதுகாப்பையும், மாநில அரசு தனியே அறிவித்தால் மட்டுமே செல்லும் என்று 2017 ஆகஸ்டில் ஒன்றிய அரசு திருத்தி வலுவிழக்கச் செய்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அத்தடையை நிறுத்தி வைத்தது. நாடு முழுவதுக்குமான தேசிய ஒலி கண்காணிப்பு வலையமைப்பு என்று ஒன்றிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லிக்கொள்வது 7 பெருநகரங்களில் 70 நிலையங்கள். சட்டத்தை மீறுவோர்க்கு ஐந்தாண்டு வரை இருந்த சிறைத்தண்டனையையும் 2023இன் ஜன் விஷ்வாஸ் சட்டத்தின் வழியே நீக்கி அபராதமாக மாற்றிவிட்டார்கள். தொழில் நடத்துவதை எளிதாக்குவது அதன் பெயர்.

இவ்வரசுகள்தாம் வேலை நேரத்தையும் நீட்டுகின்றன. மகாராஷ்டிர அமைச்சரவை 2025 செப்டம்பரில் தொழிற்சாலைகளின் நாள் வேலை வரம்பை 9 மணியிலிருந்து 12 மணியாக்க ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டில் 2023இல் வந்த அத்தகைய சட்டமுன்வடிவு தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. பன்னிரண்டு மணி நேரம் உழைத்து, மூன்று மணி நேரம் பயணித்து வீடு சேர்பவனிடம் எஞ்சுவது உறக்கம் ஒன்றே. எட்டு மணி நேர ஓய்வு மே நாளின் ஆதிக் கோரிக்கைகளுள் ஒன்று. அதை நடுத்தர வர்க்க முணுமுணுப்பு என்று தள்ளுவது தொழிற்சங்க வரலாற்றை மறப்பதாகும். உழைப்பாளியின் உண்மையான இந்தக் குறையை இடதுசாரிகள் கையில் எடுக்காவிட்டால், அது மசூதிக்கு எதிரான வெறுப்பாகத் திருப்பப்பட்டு வேறொருவர் கைக்குப் போய்ச்சேரும். மும்பையில் அதுவே நடந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. தொழுகை அழைப்பை நிறுத்தும் அதே ஐந்தாம் விதிதான் வேலைநிறுத்தப் பந்தலின் ஒலிபெருக்கிக்கும் அனுமதி மறுக்கிறது. தெருமுனைக் கூட்டத்துக்கு மனு கொடுத்துவிட்டுக் காவல் நிலைய வாசலில் மாலை வரை காத்திருந்த அனுபவம் இல்லாத கிளைச் செயலாளர் அரிது. பொதுத்தெருவில் கூட்டம் நடத்த அனுமதி மறுக்கும் கட்டற்ற அதிகாரம் காவல்துறைக்கு இல்லை என்று ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972இலேயே சொல்லிவிட்டது. அந்தக் கோட்பாட்டை மசூதிக்கும் தேவாலயத்துக்கும் சேர்த்துக் கேட்கத் தெரிந்தால்தான் தொழிற்சங்கத்துக்காகக் கேட்பதில் வலு இருக்கும். கட்சியின் கூட்டங்களும் 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். கடைசிப் பேச்சாளர் எத்தனை முக்கியமானவராக இருப்பினும்.

ஆகவே கோரிக்கைகள் டெசிபலையும் நேரத்தையும் பற்றியவையாக இருக்கட்டும். ஒலியளவைக் கட்டுப்படுத்தும் கருவியை மினாரில் பொருத்துவதற்கு முன், ஒலிச்சுவர்களை வாடகைக்கு விடும் கடைகளின் பெருக்கிகளில் பொருத்த வேண்டும். ஓர் ஊரில் அத்தகைய கடைகள் சிலவே இருக்கும், அவை எல்லா மதத்தாருக்கும் எல்லாக் கட்சிகளுக்கும் வாடகைக்கு விடுகின்றன. அனுமதி மறுக்கப்பட்டால் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். புகார்தாரரின் பெயரை மறைப்பது சரியே. ஆனால் எந்த இடத்தின்மீது எத்தனை புகார், அளந்தபோது எத்தனை டெசிபல், என்ன நடவடிக்கை என்பவை மாதந்தோறும் வெளியாக வேண்டும். இல்லையேல் பெயரில்லாப் புகார் குறிவைக்கும் கருவியாகும். குடியிருப்புகளைத் தொழிற்பகுதியாக எழுதும் அறிவிக்கைகள் அப்பகுதி மக்களைக் கேட்காமல் வரக் கூடாது.

நள்ளிரவுத் தளர்வுக்கான 15 நாட்களின் விவரத்தை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று விதிகளே கூறுகின்றன. கடந்த ஐந்தாண்டுகளில் எந்தெந்தத் திருநாட்களுக்கு அந்நாட்கள் வழங்கப்பட்டன என்பதை அறியத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போதும். மாவட்டக் குழுக்கள் அதைப் பெற்று, மசூதி ஜமாத்தாரையும் விழாக் குழுவினரையும் ஒலிபெருக்கிக் கடைக்காரர்களையும் ஒரே அறையில் அமர்த்திப் பேசுவதற்கு அடுத்த திருநாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.